திருப்பூருக்கு ஏற்ற ஆந்தை எது?

நஞ்சராயன் குளத்துக்குப் பறவை பார்க்க வரும் பிள்ளைகளிடம் பிடித்த பறவை எது என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். கூழைக்கடா என்பார்கள், மீன்கொத்தி என்பார்கள், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து என்பார்கள். பிடித்த ஆந்தை எது என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பலரும் வெள்ளை ஆந்தை என்று சொல்வார்கள். ஹாரி பாட்டருக்குக் கடிதம் கொண்டுவரும் பனி ஆந்தை அது. வட துருவத்தை ஒட்டிய பனிவெளியில் வாழ்வது. பெரியவர்களிடம் கேட்டாலோ, "ஆந்தையில என்னங்க பிடிச்சது, பிடிக்காதது? எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்று முடித்துவிடுவார்கள்.

உலகில் சுமார் 250 வகை ஆந்தைகள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் முப்பதுக்கு மேல். திருப்பூர் மாவட்டத்தை எடுத்துக்கொண்டாலும், அவிநாசிச் சாலையின் விளக்குக் கம்பத்திலிருந்து அமராவதி அணைக்கு மேலுள்ள காடு வரை, உருவத்திலும் குரலிலும் இரையிலும் இருப்பிடத்திலும் ஒன்றோடொன்று ஒட்டாத பல ஆந்தைகள் வாழ்கின்றன. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் முதலில் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஆந்தை மேலுள்ள பயம் பாதி குறைந்துவிடும். அதற்காகவே இந்தக் கேள்வியைப் பொறுமையாக எடுத்துப் பார்க்கலாம்.

முதலில் கூகை. நெஞ்சும் வயிறும் வெண்மை, முதுகு பொன்னும் சாம்பலும் கலந்த நிறம், முகம் நெடுக்கில் பிளந்த ஆப்பிளின் வடிவம், நடுவில் இரண்டு கருங்கண்கள். மற்ற ஆந்தைகளெல்லாம் ஒரு குடும்பம் என்றால் கூகை தனிக் குடும்பம். உயிரியலாளர்கள் அப்படித்தான் வகைப்படுத்துகிறார்கள். இது அலறுவதில்லை, கிறீச்சிடும், சீறும். நள்ளிரவில் மூடிக் கிடக்கும் ஸ்பின்னிங் மில்லின் கூரையிலிருந்து சத்தமில்லாமல் ஒரு வெள்ளை உருவம் வெளியே மிதந்து வந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? ஊருக்கு ஊர் சொல்லப்படும் பேய்க் கதைகளில் சிலவற்றுக்காவது இந்தப் பறவைதான் ஆதாரமாக இருக்க வேண்டும். 2017-இல் விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டடத்துக்குள் இருந்த கூகைக் குஞ்சுகளின் காணொலி வேற்றுக்கிரக உயிர்கள் என்ற பெயரில் நாடெங்கும் சுற்றியது. இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள், பயந்துபோய்ச் சுவரோரம் நிமிர்ந்து நின்றிருந்தன. அவ்வளவுதான் விஷயம்.

சத்தமில்லாத பறத்தலுக்குக் காரணம் இறகின் அமைப்பில் இருக்கிறது. இறக்கையின் முன் விளிம்பில் சீப்புப் பல் போன்ற வரிசை. காற்று அதில் பட்டுச் சிதறி ஓசையிழக்கும். மேற்பரப்பு வெல்வெட் போல் மென்மையானது. காதுகள் இன்னும் அதிசயம். இடக்காதின் துளையும் வலக்காதின் துளையும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால் ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதோடு எவ்வளவு மேலிருந்து, எவ்வளவு கீழிருந்து வருகிறது என்பதும் கூகைக்குத் தெரிந்துவிடும். அந்த வட்ட முகம் ஓசையைத் திரட்டிக் காதுக்கு அனுப்பும் தட்டு. முழு இருட்டறையில் விடப்பட்ட எலியைக் காதை மட்டும் வைத்துக் கூகை பிடித்துவிடும் என்பதை ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதித்து நிறுவினார்.

பயன் என்று பார்த்தால் கூகைக்கு ஈடில்லை. அது அமரும் சுவருக்கு அடியில் பாருங்கள், கட்டைவிரல் பருமனில் கரும்சாம்பல் உருண்டைகள் கிடக்கும். எச்சம் என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய் வழியே அது உமிழ்ந்தவை. தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால் உள்ளே முழு மண்டையோடு, தாடை, ஆரஞ்சு நிறப் பற்கள். முந்தைய இரவு என்ன தின்றது என்ற கணக்கு அதிலேயே இருக்கிறது. மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் 1990-களில் இப்படித்தான் காவிரிப் படுகையின் கூகைகள் எதைத் தின்கின்றன என்று கண்டார்கள்: வயல் எலிகள், சுண்டெலிகள், மூஞ்சூறுகள். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைக்கென்றே மரப்பெட்டிகள் கட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள். நம்மூர் நெல் வயல்களில் ஆந்தை உட்கார நட்டு வைக்கும் குறுக்குக் கட்டைக் கம்பும் அதே வேலைக்குத்தான். துணி ரோலை எலி கடித்துவிட்டால் என்ன நஷ்டம் என்று எந்த பனியன் கம்பெனிக்காரரும் சொல்வார். ஆனால் குடோனில் வைக்கும் எலி கேக்கில் சில வகை மருந்துகள் எலியை உடனே கொல்வதில்லை. ரத்தம் உறையவிடாமல் செய்து நாலைந்து நாளில் கொல்லும். அதற்குள் தள்ளாடித் திரியும் அந்த எலியைக் கூகை எளிதாகப் பிடித்துவிடும். விஷம் அதன் உடம்புக்கும் போகும். எலிக்காக ஒரு கையால் கூகையை வரவழைத்து மறு கையால் விஷம் வைத்தால் மலேசியத் தோட்டங்களில் நடந்ததுதான் இங்கும் நடக்கும்: அங்கே இத்தகைய மருந்துகள் புழக்கத்துக்கு வந்த இடங்களில் கூகைகள் குறைந்தன.

அடுத்து கொம்பன் ஆந்தை. கம்பீரத்துக்கு ஓட்டுப் போடுவதென்றால் இதற்குத்தான் போட வேண்டும். ஒன்றேமுக்கால் அடி உயரம், ஆரஞ்சுக் கண்கள், தலையில் கொம்பு போல் நிமிர்ந்த இரண்டு இறகுக் கொத்துகள். அவை காதும் இல்லை, கொம்பும் இல்லை, வெறும் இறகு. பல்லடம், காரணம்பேட்டைப் பக்கத்துக் கல்குவாரிகள், ஊதியூர் மலைச்சரிவு, ஓடைகள் அரித்த மண்சுவர்கள் போன்ற இடங்கள்தாம் இதற்குப் பிடித்தவை. மரத்தில் கூடு கட்டாது. பாறை விளிம்பில், வெறும் மண்ணில் முட்டையிடும். காங்கயம் வட்டாரத்துக் கொறங்காடுகளும் இதன் வேட்டைக்களம். கொழுக்கட்டைப்புல் விரிந்து, இடையிடையே வெள்வேல மரம் நின்று, சுற்றிலும் கிளுவை வேலி போட்ட அந்த மேய்ச்சல் நிலத்தைக் காங்கயம் காளைக்கென்று நம் முன்னோர் வளர்த்தார்கள். எலியும் முயலும் கௌதாரியும் அதில் பெருகின. கொம்பன் ஆந்தையும் கூடவே பிழைத்தது. புதுச்சேரி, ஆரோவில் பகுதியில் இந்த ஆந்தையைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து எழுதியவர் எரிக் ராமானுஜம். அங்கேயும் இதன் உணவில் பெரும்பங்கு எலி இனங்கள்தாம்.

இதன் அழகே இதற்கு ஆபத்தானது. கொம்புள்ள ஆந்தைக்கு மாந்திரீக சக்தி அதிகம் என்று கள்ளச்சந்தையில் ஒரு நம்பிக்கை. 2010-இல் வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்புக்காக அப்ரார் அகமது செய்த ஆய்வு, அன்று கணக்கிடப்பட்ட 30 இந்திய ஆந்தை வகைகளில் 15 வகைகள் விற்பனைக்குப் பிடிக்கப்படுவதாகச் சொன்னது. தீபாவளி நெருங்கும் நாட்களில் வட மாநிலங்களில் இந்த வியாபாரம் கூடுகிறது. ஹாரி பாட்டர் படங்களைப் பார்த்த பிள்ளைகள் ஆந்தை வளர்க்கக் கேட்பதும் ஒரு காரணம் என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அப்போது குறிப்பிட்டார். பிடித்திருக்கிறது என்பது கூண்டில் வைக்க அனுமதி ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மீன் ஆந்தைக்குக் காலில் இறகில்லை, பாதத்தில் வழுக்காத முட்கள் உண்டு. மீனும் நண்டும் உள்ள, மரம் சூழ்ந்த நீரோரம் அதற்கு வேண்டும். சாயத் தண்ணீரில் துவண்ட நொய்யலைவிட அமராவதி வனச்சரகத்தின் ஓடைகளே அதற்குச் சரி. பொரிப்புள்ளி ஆந்தை பெரிய புளிய மரங்களிலும் மாந்தோப்புகளிலும் மறைந்திருந்து நடுக்கம் கலந்த குரலில் கூவும். கேட்டவர்கள் அதிகம், பார்த்தவர்கள் குறைவு. குட்டைக்காது ஆந்தை குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து புல்வெளியில், தரையில் தங்கும். சாயங்கால வெளிச்சத்திலேயே வேட்டையாடும். பகலில் ஆந்தைக்குக் கண் தெரியாது என்று இன்னும் நம்புகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஆந்தைகளுக்குப் பகலிலும் கண் நன்றாகவே தெரியும். பகலில் அவை வெளியே வராததற்கு ஒரு காரணம் காக்கை. பார்த்த மாத்திரத்தில் கூட்டம் சேர்த்துத் துரத்திவிடும்.

இப்போது நாம் ஆதரிக்கும் வேட்பாளரைப் பற்றிப் பேசலாம்.

புள்ளி ஆந்தை மைனாவை விடக் கொஞ்சம் குண்டு, அவ்வளவுதான். உயரம் 21 சென்டிமீட்டர். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண், அதன் மேல் வெண்புருவம். முகத்தைப் பார்த்தால் எப்போதும் யாரையோ கண்டிப்பது போலிருக்கும். ஜோடியாகவோ குடும்பமாகவோ ஒரே பொந்தில் இருக்கும். பொழுது சாயும்போது வாசலுக்கு வந்து உட்காரும். நீங்கள் நின்று பார்த்தால் அதுவும் உங்களைப் பார்க்கும். தலையைத் தாழ்த்தும், உயர்த்தும், இடமும் வலமும் ஆட்டும். வணங்குகிறது என்றும் மிரட்டுகிறது என்றும் சொல்வார்கள். காரணம் எளிது. ஆந்தையின் கண் குழாய் வடிவில் எலும்புக்குள் இறுகிப் பொருந்தியது; நம்மைப் போல் விழியை உருட்ட முடியாது. அதனால் தலையை நகர்த்தி, பல கோணங்களில் பார்த்துத்தான் தூரத்தை அளக்க வேண்டும். அதற்காகவே கழுத்தில் 14 எலும்புகள். நமக்கு இருப்பது 7. ஏறக்குறைய 270 டிகிரி வரை தலையைத் திருப்பும்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்குக் கம்பெனிக் கதவைத் தாண்டி வெளியே வருகிறவர், சாலை விளக்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும். விளக்கைச் சுற்றும் வண்டையும் ஈசலையும் பிடிக்கப் பக்கத்துக் கம்பியில் இது உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு. வண்டு, வெட்டுக்கிளி, பல்லி, சுண்டெலி என்று கிடைப்பதைத் தின்று பிழைக்கத் தெரிந்த பறவை. தறிக்கூடத்து ஓடும், கருகிப்போன தென்னையின் பொந்தும், பனை மரமும், பழைய கிணற்றுச் சுவரும் இதற்கு வீடு. காட்டை விட்டு ஊருக்குள் வந்து மனிதரோடு வாழக் கற்றுக்கொண்ட ஆந்தை இது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் ராத்திரியெல்லாம் கண்விழித்து வேலை செய்யும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பறவை எது?

உறவில் பார்த்தாலும் இது சாதாரணமானதல்ல. ஏதென்ஸ் நகரத்தார் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெள்ளிக் காசில் பொறித்தது இதன் நெருங்கிய உறவான சின்ன ஆந்தையை. அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை அது. இன்றும் கிரேக்க நாட்டின் ஒரு யூரோ நாணயத்தில் இருக்கிறது. இந்தச் சிறு ஆந்தைகள் எல்லாவற்றுக்கும் அறிவியல் பெயரின் முதற்பாதி அதீனாவினுடையதுதான். நம் புள்ளி ஆந்தைக்கு 1821-இல் அறிவியல் பெயரிட்டவர் டெம்மிங்க் என்ற டச்சு அறிஞர். அவர் கையிலிருந்தது புதுச்சேரிப் பக்கத்துப் பறவை.

பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு உறவினரின் கதையைச் சொல்லியாக வேண்டும். மத்திய இந்தியாவின் தேக்குக் காடுகளில் வாழும் வன ஆந்தை, மேலோட்டமாகப் பார்ப்பவருக்குப் புள்ளி ஆந்தை போலவே இருக்கும். உச்சந்தலையில் புள்ளிகள் மங்கல், நெஞ்சு பழுப்பாக நிறைந்திருக்கும், கால் பருத்தது. 1873-இல் ஹியூம் என்ற பறவையியலாளர் அதை விவரித்தார். 1884-க்குப் பிறகு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை; 1914-இல் குஜராத்தில் கிடைத்ததாக மெய்னர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் சேகரிப்பில் ஒரு மாதிரி இருந்தது. அதை நம்பித் தேடியவர்கள் ஏமாந்தார்கள். பமீலா ராஸ்முசென் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த மாதிரியை நுணுக்கமாக ஆராய்ந்தபோது, அது அருங்காட்சியகத்திலிருந்து திருடி, மறுபடி பாடம் செய்து, பொய்ச் சீட்டு ஒட்டியது என்று தெரிந்தது. பொய்யை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான இடங்களில் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷாஹாதா அருகே அவரும் உடன் சென்றவர்களும் வன ஆந்தையை நேரில் கண்டார்கள். 113 ஆண்டுகள் கழித்து. எல்லாம் ஒரே ஆந்தை என்று இருந்துவிட்டால் இந்தப் பறவை அழிந்ததும் தெரியாது, பிழைத்ததும் தெரியாது.

கெட்ட சகுனம் என்ற பேச்சுக்கு வருவோம். புள்ளி ஆந்தைக்கே சாக்குருவி என்று பெயர் வைத்திருக்கிறோம். இதைக் கேலி செய்து ஒதுக்குவதில் பயனில்லை. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். வயலுக்கும் வீட்டுக்கும் விறகுக்கும் மரம் வெட்டிய ஊரில், கை வைக்காமல் விட்ட மரங்கள் சுடுகாட்டிலும் கோயில் வளாகத்திலும்தான் நின்றன. வயதான மரத்தில்தான் பொந்து விழும். பொந்து இருக்கும் இடத்துக்குத்தான் ஆந்தை போகும். சுடுகாட்டில் ஆந்தை கத்துவதற்கு மரம் காரணம், மரணம் காரணமில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும், விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் புள்ளி ஆந்தை வரும். கண்விழித்திருப்பவர்கள் அன்றுதான் அதன் குரலைக் கவனிக்கிறார்கள். மற்ற நாட்களிலும் அது கத்திக்கொண்டுதான் இருந்தது, நாம் தூங்கிக்கொண்டிருந்தோம்.

சங்கப் பாடல்களிலும் இரண்டு பார்வையும் உண்டு. புறநானூற்றின் 364-ஆம் பாடலைப் பாடியவர் பெயரே கூகைக்கோழியார். இடுகாடும் அங்கே கத்தும் பறவையும் அந்தப் பாட்டின் முடிவில் வருகின்றன. நற்றிணையின் 83-ஆம் பாடலிலோ தோழி கூகையிடம் கெஞ்சுகிறாள். ஊர்க்குளத்து முதுமரத்தில் இருக்கும் கூகையே, தலைவன் வரும் ராத்திரியில் குரல் எழுப்பி ஊரை எழுப்பிவிடாதே, நெய்ச்சோறும் எலிச்சூடும் தருகிறேன் என்கிறாள். அங்கே கூகை சாவின் தூதர் இல்லை. குணமும் பசியும் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர். அது எலி தின்னும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. கொங்கு வேளாளரில் காடை, செம்போத்தன் கூட்டங்களோடு ஆந்தை என்ற பெயரில் ஒரு கூட்டம் இருப்பதும் பலருக்குத் தெரியும். குலத்தின் பெயரையே தீட்டு என்று யாரும் நினைக்கவில்லை.

இன்று திருப்பூர் லைன் வீடுகளில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஒரே சுவரை ஒட்டிய இரண்டு அறைகளில் தேனிக்காரர் ஒருவரும் வங்காளத்திலிருந்து வந்தவர் ஒருவரும் குடியிருக்கலாம். வெளியே ஆந்தை கத்தினால் ஒருவர் கதவைச் சாத்துவார். மற்றவருக்கு அது லட்சுமியின் வாகனம், வீட்டுக்கு நல்லது. பறவை ஒன்றுதான், குரலும் ஒன்றுதான். சகுனம் பறவையின் குரலில் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

மராட்டியத்தில் புணே அருகே பிங்கோரி என்ற கிராமத்தில் ஈலா அறக்கட்டளை 2018 முதல் ஆந்தைத் திருவிழா நடத்தியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் ஆந்தை வரைகிறார்கள், ஆந்தைப் பாட்டுப் பாடுகிறார்கள். நமக்கு அதற்கான இடமும் இருக்கிறது. நஞ்சராயன் குளம் 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் ராம்சார் தலமும் ஆனது. இந்த ஊரின் பிரிண்டிங் பட்டறைகள் குழந்தைகளின் இரவு உடைகளில் கண்ணை உருட்டும் அயல்நாட்டு ஆந்தைகளை அச்சடித்து அனுப்புகின்றன. ஒரே ஒரு டிசைனில் வெண்புருவமும் மஞ்சள் கண்ணும் கொண்ட நம் புள்ளி ஆந்தை வந்தால் மகிழ்வோம்.

ஆனால் அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. புள்ளி ஆந்தை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். மூன்று, நான்கு முட்டைகள் இடும். சாலை விரிவாக்கத்துக்குப் புளிய மரம் வெட்டுவதும், பட்ட தென்னையைச் சாய்ப்பதும், பழைய மில் கட்டடத்தை இடிப்பதும் பெரும்பாலும் மழை ஓய்ந்த அதே மாதங்களில்தான் நடக்கின்றன. மரம் வெட்டும் முன் சாயங்காலம் ஒருமுறை பொந்தைக் கவனியுங்கள். பறவை வந்து போனால் வேலையை இரண்டு மாதம் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள். குஞ்சு கீழே விழுந்து கிடந்தால் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டாம். மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையில்லை. காயமில்லை என்றால் அதே பொந்தில் விடலாம். எட்டவில்லை என்றால் துணி விரித்த அட்டைப்பெட்டியில் வைத்து, பூனைக்கும் நாய்க்கும் எட்டாத உயரத்தில் அதே மரத்தில் கட்டலாம். பாலும் சோறும் தரக் கூடாது. இருட்டியதும் குஞ்சு கத்தும், பெரியவை இரை கொண்டு வரும். அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.